அப்யே: காவல் நீளட்டும், பேச்சும் தொடங்கட்டும்

(அரசியல் பயிலரங்கின் மாலை அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காலையிலிருந்து குடிநீர், பட்டா, நூறு நாள் வேலைன்னு நம்ம ஊர்ப் பிரச்சினைகளைப் பேசிட்டு இருக்கோம். திடீர்னு ஆப்பிரிக்காவுக்கு ஏன் போகணும்னு சிலர் நினைக்கலாம். போய்த்தான் ஆகணும் தோழர்களே. ஏன்னா அங்கே நம்ம நாட்டுச் சிப்பாய்கள் நீலத் தொப்பி போட்டு நிற்கிறாங்க. 2023 ஜனவரியில் ஒரு பெண்கள் படைப்பிரிவும் அங்கே போயிருக்கு. எதுக்கு நிற்கிறாங்கன்னு நமக்குத் தெரிய வேண்டாமா?

அந்த இடத்தின் பெயர் அப்யே. சூடானுக்கும் தெற்கு சூடானுக்கும் நடுவில், சுமார் 10,500 சதுர கிலோமீட்டர் நிலம். அங்கே ஓர் ஆறு ஓடுகிறது. வடக்கிலிருந்து கோடையில் மாடு ஓட்டி வரும் மிசேரியா மக்கள் அதை 'பஹ்ர் அல் அரப்', அதாவது அரபுகளின் ஆறு என்கிறார்கள். அங்கேயே குடியிருக்கும் ஙோக் டிங்கா மக்களுக்கு அது 'கீர்'. ஒரே தண்ணிக்கு ரெண்டு பேர். பிரச்சினை என்னன்னு இதிலேயே புரிஞ்சிருக்கும்.

1905-இல் ஆங்கிலேயர் ஙோக் டிங்காவின் ஒன்பது குலத் தலைமைகளை நிர்வாக வசதிக்காக வடக்கே இருந்த கோர்டோஃபானோடு சேர்த்தார்கள். நூறு வருஷம் கழிச்சும் அந்தக் கோட்டுக்கு மக்கள் விலை கொடுத்துட்டு இருக்காங்க.

2005-இல் உள்நாட்டுப் போரை முடித்த ஒப்பந்தம் ஒரு வாக்குறுதி கொடுத்தது. 2011 ஜனவரியில் அப்யே மக்கள் ஓட்டுப் போட்டு, வடக்கா தெற்கான்னு முடிவு செய்யலாம். ஆனா யாருக்கு ஓட்டு? சில மாசம் மட்டும் மேய்ச்சலுக்கு வரும் மிசேரியாவுக்கும் உண்டு என்றது வடக்கு. கிடையாது என்றது தெற்கு. வாக்கெடுப்பு நடக்கவே இல்லை. மே மாதம் சூடான் ராணுவம் உள்ளே புகுந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தெற்கே ஓடினார்கள். ஜூன் 27 அன்று ஐ.நா. பாதுகாப்பு மன்றம் 1990-ஆம் எண் தீர்மானத்தை நிறைவேற்றி, 4,200 பேர் வரையிலான ஒரு படையை அனுமதித்தது. முதலில் போனது எத்தியோப்பிய வீரர்கள். ஆறு மாசத்துக்குன்னு போன படை, இன்னைக்கு வரைக்கும் நீட்டிப்பிலேயே ஓடுது.

அந்தப் படை என்னதான் செய்யுது? மாட்டு மந்தைகள் தெற்கே இறங்கும் பருவத்தில், ரெண்டு பக்கமும் மோதிக்கொள்ளாம நடுவில் நிற்குது. ரெண்டு சமூகத்துப் பெரியவங்களையும் உட்கார வைத்துப் பேச வைக்குது. அமியெத் என்கிற இடத்தில் 2016 முதல் ஒரு பொதுச் சந்தை நடக்கிறது. வடக்கத்தி வியாபாரியும் தெற்கத்திக்காரரும் அங்கே சேர்ந்து வியாபாரம் செய்யறாங்க. ஒரு சந்தை நடக்கணும்னா காவல் வேணும். இது பெரிய தத்துவம் இல்லை.

குறையே இல்லைன்னு நான் சொல்ல வரலை. 2013 மே மாதம் ஙோக் டிங்காவின் தலைமைக் குலத்தலைவர் குவோல் டெங் குவோல், ஐ.நா. வாகன அணியோடு போகும்போதே கொல்லப்பட்டார். 2024 ஜனவரியில் நடந்த தாக்குதல்களில் 50-க்கும் மேற்பட்டோர் செத்தாங்க, அமைதிப்படை வீரர்களும் அதில் பலியானாங்க. 2025 டிசம்பரில் கடுக்லியில் இருந்த இந்தப் படையின் தளத்தை ட்ரோன் தாக்கியது. வங்கதேச வீரர்கள் 6 பேர் உயிரிழந்தார்கள். நம்ம பிள்ளைகளும் இதே படையில்தான் இருக்காங்க. அதை மறந்துட்டுப் பேசக் கூடாது.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். 2025 நவம்பரில் ஓராண்டு நீட்டிப்புக் கொடுத்தபோது பாதுகாப்பு மன்றம் ஒரு நிபந்தனை போட்டது. கூட்டுக் காவல்துறை அமைக்கணும், ரெண்டு நாட்டு ஆயுதப் படைகளும் வெளியேறணும். அதில் முன்னேற்றம் பார்த்துத்தான் அடுத்த நீட்டிப்பு. கெடு 2026 நவம்பர்.

கேட்க நியாயமா இருக்கு. வருஷா வருஷம் புதுப்பிச்சுக்கிட்டே இருந்தா எந்த அரசு பேச்சுவார்த்தைக்கு வரும்? அந்தக் கேள்வியை நான் ஒதுக்கலை. கூட்டுக் காவல்துறை 2011-லேயே ஒத்துக்கிட்ட விஷயம். அன்னைக்கே அமைஞ்சிருக்கணும்.

ஆனா யோசிச்சுப் பாருங்க. ரெண்டு பங்காளிங்க வரப்புத் தகராறில் வெட்டிக்கிறாங்க. ஊர்ப் பெரியவர் ஒரு காவலாளியை நடுவில் நிறுத்துறார். பங்காளிங்க சமாதானத்துக்கு வரலைன்னு காவலாளியைத் திரும்பக் கூப்பிட்டா தண்டனை யாருக்கு? பங்காளிக்கா, வரப்போரம் குடிசை போட்டிருக்கிற கூலிக்காரனுக்கா?

2023 ஏப்ரலிலிருந்து சூடானில் ராணுவமும் துணைப்படையும் சண்டை போடுது. கார்ட்டூமில் இருக்கிறவங்களுக்கு அப்யேயில் காவல் போனா என்ன நஷ்டம்? நஷ்டம் முழுக்க ஆற்றங்கரையில் இருக்கிறவங்களுக்குத்தான்.

முன்னாடியே ஒண்ணு பார்த்திருக்கோம். எத்தியோப்பியா, எரித்திரியா எல்லையில் நின்ற ஐ.நா. படைக்கு எரித்திரியா எரிபொருளையே நிறுத்தியது. 2008 ஜூலையில் அந்தப் பணி மூடப்பட்டது. அதனால் சமாதானம் வந்ததா? இல்லை. 2018 வரை ரெண்டு ராணுவமும் நடுவில் ஆளில்லாம எதிரெதிரே நின்றன.

அதனால நம்ம நிலைப்பாடு மூன்று.

ஒன்று: நவம்பரில் இடைவெளி இல்லாம இந்தப் பணி நீட்டிக்கப்படணும்.

இரண்டு: அழுத்தம் அரசுகள் மேல் விழணும், மக்கள் மேல் இல்லை. ஆயுதப் படைகளை விலக்கவும், அப்யேயின் இறுதி நிலை பற்றிப் பேசவும் இரு அரசுகளுக்கும் கெடு வைக்கட்டும். காவலுக்குக் கெடு வைக்க வேண்டாம்.

மூன்று: இந்தியா இப்போ பாதுகாப்பு மன்றத்தில் உறுப்பினர் இல்லை. ஆனா படை அனுப்பும் நாடுகளிடம் மன்றம் கலந்து பேசும் வழக்கம் இருக்கு. அங்கே நம்ம அரசு வாய் திறக்கணும். ட்ரோன் தாக்குதலைத் தடுக்க என்ன ஏற்பாடு, அடிபட்டவரை எவ்வளவு நேரத்தில் வெளியே கொண்டு வர முடியும்னு கேட்கணும். கிடைக்கிற பதிலை நாடாளுமன்றத்திலும் வைக்கணும்.

சிப்பாயை அனுப்புறதோட நம்ம கடமை முடிஞ்சிடாது தோழர்களே. அவர் காக்கிற அந்தச் சந்தை அடுத்த வருஷமும் கூடணும். அவரும் பத்திரமா வீடு திரும்பணும். ரெண்டும் நடக்கணும்னா காவலும் வேணும், பேச்சும் வேணும்.