சைவம் என்னும் சொல்லும் ஓர் உணவகமும்

(தசலட்சணத் திருநாள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இரவுண்ணாமை பற்றிப் பேச வருவோர் நூல்களிலிருந்து தொடங்குவதே வழக்கம். இன்று ஓர் உணவகத்திலிருந்து தொடங்குவதை அவையோர் பொறுத்தருள வேண்டும்.

வந்தவாசியை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து கணவனும் மனைவியுமாக இருவர் கண் மருத்துவத்திற்காகச் சென்னை வந்திருந்தனர். அவர்களுடைய இல்லறத்திற்கு அப்போது வயது 31. கணவர் அரசு அலுவலகம் ஒன்றில் பணிபுரிந்து ஓய்வு பெற்றவர். அம்மையார் மேல்சித்தாமூர் மடத்தில் இரவுண்ணா விரதம் ஏற்றவர். மண்ணுக்கடியில் விளையும் கிழங்கு, வெங்காயம், பூண்டு எதையும் தொடாதவர். இத்தனை ஆண்டுகளில் இவ்விருவரும் ஓர் உணவகத்தில் எதிரெதிரே அமர்ந்து உண்டதே இல்லை. வெளியூர்ப் பயணம் என்றால் கணவர் கடைக்குள் போவார். அம்மையார் பேருந்து நிலையத் தூணோரம் அமர்ந்து தூக்குப்பாத்திரத்தைத் திறப்பார். இருவருக்கும் அது பழகிப்போயிருந்தது. பழகியது என்பதால் வருத்தம் இல்லை என்று ஆகிவிடாது.

அன்று மருத்துவமனையில் நேரம் நீண்டது. கண்ணில் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொன்னார்கள், மீண்டும் விட்டார்கள், மீண்டும் காத்திருந்தார்கள். வெளியே வந்து பாத்திரத்தைத் திறந்தால், விடியலில் கட்டிய தயிர்ச்சோறு புரட்டாசிப் புழுக்கத்தில் கெட்டிருந்தது. அம்மையார் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பவர். வெறும் வயிற்றோடு இரவைக் கழிக்கலாகாது என்பது மருத்துவர் கட்டளை. மணியோ நாலேகால். கதிரவன் மறைவது ஆறு மணியை ஒட்டி. அதற்கும் இரண்டு நாழிகை முன்னதாக, அதாவது 48 நிமிடம் முன்னதாக, உண்டு முடிப்பது அம்மையாரின் நியமம்.

“எதிரிலேயே சைவ உணவகம் இருக்கிறதே” என்றார் கணவர்.

“சைவம்தான். சாம்பாரில் சின்ன வெங்காயம் இருக்குமே” என்றார் அம்மையார்.

இந்தச் சைவம் என்னும் சொல்லைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். புலால் நீக்கிய உணவுக்கு ஒரு சமயத்தின் பெயரே தமிழ்நாட்டில் பெயராக நிலைத்துவிட்டது. வைணவரும் அதையே சொல்கிறார். அருகனைத் தொழுவோரும் அதையே சொல்கிறார். யாழ்ப்பாணத்தில் மரக்கறியை ‘ஆரதக் கறி’ என்னும் பழைய வழக்கு ஒன்று உண்டு. ‘ஆருகதம்’ என்பதன் திரிபே அது என்பர். அருகன் பெயரால் வந்த சொல் கடலுக்கு அப்பால் ஒதுங்கிவிட, இங்கே சமணரும் ‘நாங்கள் சைவம்’ என்றே சொல்லிக்கொள்கின்றனர். அந்தக் கணவரும் பணிக்காலம் முழுவதும் அவ்வாறே சொல்லி வந்தவர். சமணர் என்றால் அடுத்த கேள்வி “மார்வாடியா?” என்று வரும், அதற்கு விடை சொல்லி முடிப்பதற்குள் உணவு இடைவேளை முடிந்துவிடும். சைவம் என்றால் கேள்வியே இல்லை.

ஊர்ப் பிள்ளை ஒருவன் எப்போதோ சொல்லியிருந்தது அம்மையாருக்கு நினைவு வந்தது. சௌகார்பேட்டையில் வடநாட்டு ஜைனர் நடத்தும் உணவகங்கள் உண்டு; பொழுது சாயுமுன்னரே இரவு உணவைப் பரிமாறி முடிப்பர் என்று. ஆட்டோவில் ஏறினர். மின்ட் தெரு நெரிசலில் அது ஊர்ந்தது. அம்மையார் ஒருமுறை கைக்கடிகாரத்தையும் ஒருமுறை வானத்தையும் பார்த்தபடி வந்தார். மருந்து விட்ட கண்ணுக்கு இரண்டும் சரியாகத் தெரியவில்லை.

மாடிப்படி ஏறினால் சிறிய கூடம். பலகையில் இந்தி எழுத்து. எவர்சில்வர் தட்டுகள், அறிமுகமில்லாத மணம். பரிமாறும் இளைஞன் வந்து, “ஜெயினா, சாதாவா?” என்று கேட்டான்.

கணவர் வழக்கம்போல, “சைவம்” என்றார்.

“இங்கே எல்லாமே சைவம் ஐயா. ஜெயினா?”

அவர் தயங்கினார். அம்மையார், “ஆம், ஜைனர்தான்” என்றார்.

கல்லாவில் இருந்த முதியவர் நிமிர்ந்து பார்த்தார். நெற்றியில் குங்குமம், தலையில் மல்லிகை, பேச்சில் வட ஆற்காட்டுத் தமிழ். எழுந்து அருகில் வந்து, கொச்சையாயினும் தெளிவான தமிழில், “அம்மா, நீங்கள் ஜைனரை மணந்து ஜைனரானவரா?” என்றார்.

“பிறப்பிலேயே ஜைனர் ஐயா. இவரும் அப்படியே. இஞ்சி சேர்க்கிறீர்களா?”

விடையோடு வினாவையும் அவர் சேர்த்துக் கேட்டதில்தான் முதியவருக்கு ஐயம் தீர்ந்திருக்க வேண்டும். பச்சை இஞ்சியைக் கேட்டு விலக்குவோர் எங்கும் சிலரே. ஆசாரியர் சமந்தபத்திரர் இரத்தினகரண்ட சிராவகாசாரத்தில், பயன் சிறிதும் உயிர்க்கேடு பெரிதுமாய் இருப்பவற்றை விலக்குமிடத்தில், முள்ளங்கியோடு பச்சை இஞ்சியையும் வேப்பம்பூவையும் சேர்த்துச் சொல்கிறார். (சித்திரை முதல் நாளில் வேப்பம்பூப் பச்சடி வைக்கும் இல்லங்கள் இதைக் கேட்டுப் புன்னகைக்கலாம்.) “இஞ்சி இல்லை அம்மா, சுக்குப்பொடிதான், தண்ணீரும் துணியில் வடித்துக் காய்ச்சியது” என்ற முதியவர், இளைஞனை நிறுத்திவிட்டுத் தாமே அடுக்களைக்குள் போனார்.

நெய் தடவிய கோதுமை ரொட்டி, பாசிப்பருப்பு, கட்டா என்னும் குழம்பு ஆகியவை வந்தன. கடலைமாவைப் பிசைந்து உருட்டி, வேகவைத்து, துண்டுகளாக்கி மோர்க்குழம்பில் இடுவது கட்டா. தட்டில் காய் ஒன்றுகூட இல்லை. அம்மையார் வியந்தார். அன்று அட்டமி, அட்டமியிலும் சதுர்த்தசியிலும் தங்கள் மரபில் பச்சைக் காய்கறி தொடுவதில்லை என்றார் முதியவர். காயை விலக்குவது தம் வீட்டு வழக்கத்தில் இல்லை, அந்நாள்களில் ஒருவேளை உணவு என்பதே நியமம், மாத்திரை வந்த பிறகு அதுவும் தளர்ந்தது என்று அம்மையார் சற்றே கூச்சத்துடன் சொன்னார். “உடம்பு இருந்தால்தானே அம்மா விரதம்” என்று முதியவர் இன்னொரு ரொட்டியை வைத்தார்.

அறுபது ஆண்டுகளாக இதே நகரில் வாழ்பவர் அவர். தமிழ் பேசும் சமணக் குடிகள் உண்டு என்பதை அன்றுதான் அறிந்தார். குறை அவருடையது மட்டுமா என்ன!

அப்போதுதான் கணவர் வாய் திறந்தார். திருமலை என்றார்; வள்ளிமலை, கழுகுமலை, சித்தன்னவாசல் என்றார். சீவக சிந்தாமணியும் நீலகேசியும் சமணர் செய்த தமிழ்க் காப்பியங்கள் என்றார். அலுவலகத்தில் ஒருநாளும் சொல்லாதவற்றையெல்லாம் அறிமுகமற்ற ஒருவரிடம் சொல்லிக்கொண்டே போனார். முதியவர் அடுக்களையிலிருந்த மகனையும் அழைத்துக் கேட்கச் செய்தார். ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது. அம்மையார் கணவரின் தட்டைத் தட்டி, “நேரமாகிறது, சாப்பிடுங்கள், பிறகு பேசலாம்” என்றார். அவரும் உண்டார். ஐந்தே கால் ஆவதற்குள் இருவர் தட்டும் ஒழிந்திருந்தன.

பணத்தை வாங்க முதியவர் மறுத்தார், அம்மையார் விடவில்லை. மேல்சித்தாமூருக்கு வழி கேட்டார் முதியவர். திண்டிவனம் வரை வந்து, அங்கிருந்து எப்படிப் போக வேண்டும் என்பதைக் கணவர் ரசீதின் பின்புறம் பெரிய எழுத்தில் எழுதித் தந்தார்.

இரவுப் பேருந்து வழியில் ஓரிடத்தில் நின்றது. தேநீர்க் கடையின் விளக்குகள் எரிந்தன, பயணிகள் இறங்கினர். அம்மையார் கண் திறவாமலே, “போய் ஒரு டீ குடித்துவிட்டு வாருங்களேன்” என்றார்.

“வேண்டாம், வயிறு நிறைந்திருக்கிறது” என்று கணவர் சன்னலைச் சாத்தினார்.