மூச்சு வந்துடும், காலுக்குத்தான் நேரம் வேணும்

மூணு வருஷ இடைவெளிக்கு அப்புறம் திரும்ப ஓட ஆரம்பிச்சு இது நாலாவது வாரம். பெசன்ட் நகர் பீச், காலை அஞ்சரை மணி. அதுக்கு மேல போனா சென்னை வெயில் விடாது.

எல்லாரும் மூச்சு வாங்குதேன்னுதான் பயப்படுறாங்க. மூச்சு சீக்கிரமே பழகிடும், சில வாரம் போதும். ஆனா தசைநாணுக்கும் எலும்புக்கும் மாசக்கணக்காகும். அதனால முதல் நாளை விட, 'அட, இவ்வளவுதானா!'ன்னு தோணுற இந்த நாலாவது வாரம்தான் எனக்குப் பயமா இருக்கு. முழங்காலுக்குக் கீழ, முன்னெலும்புல வலி வர்ற நேரம் இது. ஒரே இடத்துல விரல் வச்சு அழுத்தினா சுரீர்னு வலிக்குதா? ஓட்டத்தை நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க.

நான் பிடிச்சிருக்கறது 'கவுச் டு ஃபைவ் கே'. 1996ல ஜோஷ் கிளார்க் போட்ட திட்டம். 9 வாரம், வாரத்துக்கு 3 நாள். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, திரும்பத் திரும்ப. முன்னாடி ஓடினவங்களுக்கு இது கொஞ்சம் கௌரவக் குறைச்சல்தான். தினமும் ஒரு மாமா, அறுபது வயசு இருக்கும், என்னைத் தாண்டிப் போறார். போகட்டும். வாட்ச்சுல பழைய டைமிங்கைப் பார்க்கறதே இல்லை. ஓடிக்கிட்டே பேச முடியுதா, அதுதான் இப்போ என் வேகம்.

அடுத்த வாரம் கடைசி நாள், 20 நிமிஷம் நிக்காம ஓடணும். கால் என்ன சொல்லுதுன்னு வந்து சொல்றேன்.