சேலத்து மண்டபத்தில் ஒரு ரோமாபுரிச் சந்நியாசி: தத்துவ போதகர் ராபர்ட் தெ நொபிலி

நாமக்கல்லில் இருந்து கொல்லிமலைக்குப் போற பஸ்ஸில் ஏறினா, காரவள்ளி அடிவாரத்துக்கு முன்னாடி சேந்தமங்கலம் வரும். நம்மில் நிறைய பேருக்கு அது வழியில் வர்ற ஒரு ஊர், அவ்வளவுதான். ஆனா 1623-ல் அங்கே ஒரு நாயக்கர் ஆட்சி இருந்தது. ராமச்சந்திர நாயக்கர்னு பேர். மதுரை நாயக்கருக்குக் கப்பம் கட்டின சின்ன அரசர். அந்த வருஷம் அவரைப் பார்க்க காவி கட்டின ஒரு சந்நியாசி வந்தார். கூட சில சீடர்கள். அந்தச் சந்நியாசி நல்லா தமிழ் பேசினார், தெலுங்கு பேசினார், சமஸ்கிருதமும் தெரியும். பிறந்தது இத்தாலியில்.

அவர்தான் ராபர்ட் தெ நொபிலி. தமிழில் அவருக்குத் தத்துவ போதகர்னு பேர். இன்னிக்கு எபிசோட்ல அவரோட வாழ்க்கையையும், அவர் தமிழில் எழுதினதையும், அவர் பதில் சொல்லாம விட்ட ஒரு கேள்வியையும் பேசப்போறோம்.

முதல்ல கொஞ்சம் பின்னணி. நொபிலி 1577-ல் ஒரு பிரபுக் குடும்பத்தில் பிறந்தார். சேசு சபையில் சேர்ந்து, 1605-ல் கோவாவுக்குக் கப்பலில் வந்து இறங்கினார். 1606 கடைசியில் மதுரைக்கு வந்தார். அங்கே ஏற்கெனவே கொன்சாலோ பெர்னாண்டஸ் என்கிற போர்த்துகீசியப் பாதிரியார் பத்து வருஷத்துக்கு மேல இருந்தார். பள்ளிக்கூடம் நடத்தினார், வைத்தியம் பார்த்தார், கடற்கரையில் இருந்து வந்த பரதவர் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். ஆனா மதுரைக்காரங்க யாரும் அவரோட மதத்தில் சேரவே இல்லை.

ஏன் சேரலை? நொபிலி கண்டுபிடிச்ச பதில் ஒரே ஒரு சொல்: 'பரங்கி'. அன்னிக்கு அந்தச் சொல்லுக்கு வெள்ளைக்காரன் என்ற அர்த்தம் மட்டும் இல்லை. மாட்டுக்கறி சாப்பிடுறவன், குடிக்கிறவன், குளிக்காதவன், குலம் கோத்திரம் இல்லாதவன், எல்லாம் சேர்ந்த வசவு அது. இதுல கொடுமை என்னன்னா, ஞானஸ்நானம் கேட்டு வந்தவங்ககிட்ட, நீ பரங்கிக் குலத்தில் சேர விரும்புறியான்னுதான் கேட்டிருக்காங்க. கேட்டவங்களுக்கு அது கிறிஸ்தவனாக விருப்பமா என்ற கேள்வி. கேக்குறவன் காதுல அது, உன் வீடு வாசல் உறவு எல்லாத்தையும் விட்டுட்டு வர்றியா என்ற கேள்வி.

நொபிலி தனி வீடு எடுத்தார். காவி, மரப் பாதக்குறடு, நெற்றியில் சந்தனம், ஒரு வேளை மரக்கறிச் சாப்பாடு. சிவதர்மர் என்ற பிராமண ஆசிரியரிடம் சமஸ்கிருதம் படித்தார். அந்த மொழியை ஆழமாகக் கற்ற முதல் ஐரோப்பியர்களில் அவர் ஒருவர். கொஞ்ச காலம் பூணூலும் போட்டிருந்தார். தான் பரங்கி இல்லை, ரோமாபுரியில் பிறந்தவன், ராஜ குலத்துச் சந்நியாசின்னு எழுதி வீட்டு வாசலிலேயே வைத்தார். அவர் போர்த்துகீசியர் இல்லைதான், அது உண்மை. ஆனா பெர்னாண்டஸும் அவரும் ஒரே சபை, ஒரே திருச்சபை. அந்த உண்மை அந்த அறிவிப்பில் சத்தமாக ஒலிக்கலை. இதைக் கொஞ்சம் மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

பெர்னாண்டஸுக்கு இது பிடிக்கலை. புகார் மேலிடத்துக்குப் போனது. கோவா, லிஸ்பன், ரோம்னு பத்து வருஷத்துக்கு மேல வழக்கு நடந்தது. 1619-ல் கோவாவில் கூடிய கூட்டத்தில் பெரும்பாலானவர்கள் நொபிலிக்கு எதிராக நின்றார்கள். நொபிலி லத்தீனில் நீண்ட விளக்கங்கள் எழுதி அனுப்பினார். அவரோட வாதம் சுருக்கமா இதுதான்: பூணூல், குடுமி, சந்தனம், குளியல் இதெல்லாம் இந்த நாட்டு மக்களோட சமூக வழக்கம். இது மதச் சின்னம் இல்லை. கிறிஸ்தவனாகிறவன் இதைக் கழற்றிப் போடத் தேவையில்லை. 1623 ஜனவரி 31-ஆம் தேதி போப் பதினைந்தாம் கிரகோரி, சில நிபந்தனைகளோட, அந்த வழக்கங்களை அனுமதிச்சு ஆணை வெளியிட்டார்.

அதே வருஷம்தான் நொபிலி மதுரையை விட்டு வடக்கே கிளம்பினார். திருச்சி வழியா சேந்தமங்கலம். ராமச்சந்திர நாயக்கர் மரியாதையா வரவேற்று, கோயில் கட்ட இடம் தரவும் முன்வந்தார். அங்கிருந்து அவர் சேலத்துக்கு வந்தார்.

சேலத்தில் கதை வேற. தங்க யாரும் இடம் கொடுக்கலை. ஒரு திறந்த மண்டபத்தில், காத்துலயும் குளிர்லயும், பல நாள் கிடந்தார். காய்ச்சல் வந்தது. அப்போ அவருக்கு 46 வயசு. மதுரையில் அவர் கட்டி எழுப்பின அத்தனை அடையாளமும், ராஜ குலம், ரோமாபுரி, குரு பட்டம், எதுவும் அந்த மண்டபத்தில் உதவலை. ஊருக்கு அவர் யாரோ ஒரு பரதேசி. அப்புறம் மெதுவா ஆட்கள் வந்து பேச ஆரம்பிச்சாங்க. சேலத்து நாயக்கரின் மனசும் இளகி, தங்க வீடு கிடைத்தது. அந்த நாயக்கரோட அண்ணன் திருமங்கல நாயக்கர், பதவியை இழந்து ஒதுங்கி இருந்தவர், 1625-ல் ஞானஸ்நானம் வாங்கினார். சேலம் வட்டாரத்து மோரமங்கலத்தில் ஒரு கிறிஸ்தவக் குழு உருவாச்சு. இதெல்லாம் சேசு சபையினர் ஐரோப்பாவுக்கு எழுதின கடிதங்களில் இருக்கு. சேலம் மறைமாவட்டம் 1930-ல்தான் வந்தது. அதுக்கு 300 வருஷத்துக்கு முன்னாடியே இங்கே இந்தக் கதை தொடங்கிடுச்சு.

சரி, அவர் என்ன எழுதினார்? ஞான உபதேசம், ஆத்தும நிர்ணயம், தூஷணத் திக்காரம், புனர்ஜென்ம ஆட்சேபம், நித்திய ஜீவன சல்லாபம் இப்படிப் பல நூல்கள். எல்லாம் உரைநடை. இதை அழுத்திச் சொல்லணும். தமிழில் தத்துவ விவாதம்னா அன்னிக்கு வழக்கமா செய்யுளும், செய்யுளுக்கு உரையும்தான். நொபிலி ஒரு கேள்வியை எடுத்து, ஆட்சேபத்தைத் தானே சொல்லி, காரணம் அடுக்கி, முடிவுக்கு வர்றதை நேரடியா உரைநடையில் செஞ்சார். வாக்கியங்கள் நீளம். சமஸ்கிருதச் சொற்கள் நிறைய. இன்னிக்குப் படிக்கக் கஷ்டம்தான். ஓலைச்சுவடியாவே கிடந்த பல நூல்களை 1960-களில் சேசு சபை அறிஞர் ச. இராசமாணிக்கம் பதிப்பித்து வெளியிட்டார்.

அவரோட போதனையில் மூணு விஷயம் முக்கியம்னு எனக்குப் படுது.

ஒண்ணு, அவர் வேதத்தை நம்புன்னு ஆரம்பிக்கலை. யோசின்னு ஆரம்பிச்சார். கடவுள்னு ஒருத்தர் இருந்தா அவர் எப்படி இருக்கணும்? தொடக்கம் இருக்கக்கூடாது, உடம்பு இருக்கக்கூடாது, எல்லாத்துக்கும் அவரே காரணமா இருக்கணும். இப்படிப் பகுத்தறிவில் இருந்து படிப்படியாக ஏறி, அப்புறம்தான் இயேசுவிடம் வருவார்.

ரெண்டு, சொற்கள். போர்த்துகீசியச் சொல்லான 'மிஸ்ஸா'வை அப்படியே சொன்னா தமிழ்க் காதுக்கு அது மீசைன்னு விழும். பூசைன்னா? எல்லாருக்கும் புரியும். கடவுளுக்குச் சர்வேசுரன், வழிபடுற இடத்துக்குக் கோயில், வழிகாட்டுறவருக்குக் குரு. அவரும் அவர் வழியில் வந்தவர்களும் நிலைநிறுத்தின சொற்கள் இவை. கத்தோலிக்கக் குடும்பங்களில் வயசானவங்ககிட்டக் கேட்டுப் பாருங்க, சர்வேசுரன் என்ற சொல் இன்னும் இருக்கும். 'பூசைக்குப் போயிட்டு வந்தேன்'னு இன்னிக்கும் சொல்றாங்களே, அந்த இயல்பான தமிழுக்குப் பின்னாடி இந்த உழைப்பு இருக்கு.

மூணு, ஆத்துமாவைப் பற்றினது. மறுபிறவிக் கொள்கையை அவர் கடுமையா மறுத்தார். ஒவ்வொரு ஆத்துமாவும் கடவுளால் புதிதாகப் படைக்கப்படுது, முன்ஜென்மம்னு ஒண்ணு கிடையாதுன்னு பக்கம் பக்கமா வாதம் செஞ்சார்.

இங்கேதான் நான் முன்னாடி சொன்ன கேள்வி வருது. முன்ஜென்மம் இல்லைன்னா, போன பிறவி வினையால இந்தச் சாதியில் பிறந்தேன்னும் சொல்ல முடியாது. மேல் கீழ் என்பதற்கு இருந்த பெரிய நியாயத்தை நொபிலியின் தத்துவம் உடைச்சுடுது. ஆனா நடைமுறையில்? மதுரையில் அவர் ஆட்களுக்குத் தனிக் கோயில். பெர்னாண்டஸின் மக்களோட கலப்பு இல்லை. சாதி வரிசையையும் அவர் பூணூல், சந்தனம் வைத்த அதே கூடையில்தான் வைத்தார்: சமூக வழக்கம், மதத்துக்குச் சம்பந்தம் இல்லாதது.

என் வேலையில் இருந்து ஒரு உதாரணம் சொல்றேன். ஒரு ஆப்பைத் தமிழுக்குக் கொண்டுவரும்போது எழுத்தை மாத்துவோம், தேதி போடுற முறையை மாத்துவோம், நிறம்கூட மாத்துவோம். அதெல்லாம் மேல் தோற்றம். ஆனா யார் உள்ளே வரலாம், யாருக்கு எந்தக் கதவு திறக்கும் என்பது தோற்றம் இல்லை. அது அமைப்போட அடிப்படை விதி. சந்தனம் தோற்றம். சாதி கதவு. நொபிலி ரெண்டையும் ஒரே ஃபோல்டரில் போட்டார்.

400 வருஷம் கழிச்சு உட்கார்ந்துகிட்டு இப்படிச் சொல்றது ஈஸின்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனா அந்தக் காலத்திலேயே இந்த வித்தியாசம் தெரியாமல் இல்லை. அவருக்கு அனுமதி கொடுத்த அதே 1623 ஆணையில், குலப் பெருமை உள்ளவர்கள் தாழ்ந்தவர்களாகக் கருதப்படுறவங்களை இகழக்கூடாது, குறிப்பா கோயிலில், பிரசங்கம் கேட்கும்போதும் திருவருட்சாதனம் வாங்கும்போதும்னு போப் வேண்டிக் கேட்டுக்கிட்டிருக்கார். ஒரே ஆவணம். பூணூலுக்கு அனுமதி உடனே நடைமுறைக்கு வந்தது. சமத்துவ வேண்டுகோள் காகிதத்திலேயே நின்னுடுச்சு.

நொபிலியின் பக்கமும் ஒண்ணு சொல்லணும். ஒடுக்கப்பட்ட மக்களிடம் போக ஒரு வழி வேணும் என்பது அந்த மிஷனுக்குப் புரிந்தது. பிராமண சந்நியாசி வேஷத்தில் அங்கே போனா மேல்சாதி விலகிடும். அதனால 1640-ல் பல்தசார் தா கோஸ்தா என்பவர் பண்டாரசாமியாக வந்தார். பண்டாரசாமிகள் எல்லாச் சாதியிடமும் போகலாம். பிறகு வந்த வருஷங்களில் மிஷன் வளர்ந்தது அந்த வழியில்தான். ஆனா அதுவும் கதவை உடைக்கலை. ஆளுக்கொரு கதவு வைத்தது.

அந்தக் கதவுகள் எவ்வளவு நாள் நின்னதுன்னு பாருங்க. நெல்லைப் பக்கம் வடக்கன்குளம் கோயிலுக்குள்ள சாதிகளைப் பிரிச்ச சுவர் 1910-ல்தான் இடிபட்டது. விழுப்புரம் பக்கம் எறையூரில் 2008-ல் தலித் கிறிஸ்தவர்கள் சம உரிமை கேட்டுப் போராடினப்போ மோதலும் துப்பாக்கிச் சூடும் நடந்தது. இதுக்கெல்லாம் நொபிலி ஒருத்தர்தான் காரணம்னு சொல்றது அநியாயம். சாதி அவருக்கு முன்னாடியும் இருந்தது, அவர் போகாத ஊரிலும் இருந்தது. ஆனா இது வெறும் வழக்கம்தானே என்ற சொல்லுக்குப் படிச்ச ஆள், பக்தியான ஆள், தன்னலம் இல்லாத ஆள் ஒருத்தர் தத்துவ பலம் கொடுத்தா அது எவ்வளவு உறுதியாகும் என்பதற்கு அவர் ஒரு சாட்சி.

தன்னலம் இல்லாத ஆள்னு சும்மா சொல்லலை. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் 50 வருஷம் இந்த மண்ணில் ஒரு வேளைச் சோறு சாப்பிட்டு வாழ்ந்தார். சிறையில் இருந்தார். வயசான காலத்தில் பார்வை மங்கிப்போச்சு. முதலில் யாழ்ப்பாணத்துக்கும் பிறகு மயிலாப்பூருக்கும் மாற்றினார்கள். 1656 ஜனவரி 16-ல் மயிலாப்பூரில் இறந்தார். திரும்ப இத்தாலிக்குப் போகவே இல்லை.

எனக்கு அவரோட வாழ்க்கையில் யோசிக்க வைக்கிற இடம் மதுரை இல்லை, சேலம்தான். மதுரையில் பரங்கி இல்லைன்னு வாசலில் எழுதி வச்சவர், இங்கே வாசலே இல்லாத மண்டபத்தில் கிடந்தார். நீ யாருன்னு தெரியாது, அதனால உனக்கு இடம் இல்லைன்னு ஒரு ஊர் சொன்னா எப்படி இருக்கும்னு அவருக்கு உடம்பாலேயே தெரிஞ்சிருக்கும். அவருக்கு அது பல நாள் அனுபவம். அதே ஊர்களில் பலருக்கு அது பரம்பரை பரம்பரையா நடந்த விஷயம். அந்த ரெண்டையும் இணைச்சு அவர் ஒரு நூல் எழுதியிருந்தா, நம்ம ஊர் கிறிஸ்தவத்தின் கதை வேற மாதிரி போயிருக்குமோன்னு தோணுது.

உங்ககிட்ட ஒரு வேலை. உங்க வீட்டில், உங்க கோயிலில், அது எந்த மதமா இருந்தாலும் சரி, இது நம்ம வழக்கம்னு சொல்ற ஒண்ணை எடுத்துக்கோங்க. அது சந்தனமா, கதவா? யோசிச்சு எழுதி அனுப்புங்க. சர்வேசுரன், பூசை மாதிரி உங்க பாட்டி தாத்தா சொல்ற பழைய சொற்கள் இருந்தா அதையும் சேர்த்து அனுப்புங்க, அடுத்த எபிசோட்ல வாசிக்கிறேன்.