கட்டி வைப்பது காவல் ஆகாது

 

எல்லாப் புகழும் ஏக இறைவன் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் கருணை நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். தப்பி ஓட இயலாமல் 28 பேர் உயிரிழந்தனர். தர்கா இருக்கும் ஊர் என்பதால், குணம் நாடிக் குடும்பத்தாரே கொண்டுவந்து சேர்த்தவர்கள் பலர். சங்கிலிக்குச் சொல்லப்பட்ட காரணம் 'பாதுகாப்பு' என்பதே.

சகோதரர்களே! ஏர்வாடியைப் பேசும் தகுதி எனக்கு உண்டா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நம் மக்தபுக்கு ஆட்டிசம் உடைய சிறுவன் ஒருவன் வந்தான். பிள்ளைகள் உரத்து ஓதத் தொடங்கினால் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். ஒருநாள் என் தோள் துண்டால் அவனைத் தூணோடு கட்டினேன். அழைத்துப்போக வந்த தாயார் முடிச்சை அவிழ்த்தார். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதன்பின் அவன் வரவில்லை. பின்னர் அவர்கள் வீடு சென்று மன்னிப்புக் கேட்டேன். இன்று உங்கள் முன்னும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆட்டிசம் பைத்தியமன்று, ஜின்னின் தீண்டலுமன்று. மூளை வளர்ச்சியில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. நமக்குச் சாதாரணமான ஓசையும் ஒளியும் அத்தகைய பிள்ளைக்குத் தாங்கொணா வேதனையாகலாம். வாயால் சொல்ல இயலாததை உடலால் சொல்கிறது. அதைக் கட்டிவைத்தால் அச்சம் பெருகுகிறது. வேதனையின் காரணமோ அப்படியே இருக்கிறது.

பூனையைக் கட்டிவைத்து, இரைதேடவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியை நபி (ஸல்) அவர்கள் நமக்கு எச்சரித்துள்ளார்கள். பூனைக்கே கேள்வி உண்டெனில், நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்ட பிள்ளைக்கு நாம் என்ன பதில் சொல்வோம்? கண்பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முஅத்தினாக அமர்த்திய பள்ளி, நபியவர்களின் பள்ளி.

நாட்டின் சட்டமும் தெளிவாக உள்ளது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கூடங்களில் உடல் தண்டனையைத் தடுக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் உள்ளடக்கியது. மனநோயாளிகளை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்.

சாலையில் பாயும் பிள்ளையைப் பற்றி இழுப்பது கடமை. ஆபத்து நீங்கியதும் விட்டுவிட வேண்டும். தண்டிப்பதற்காகவோ, நம் வசதிக்காகவோ கட்டுவது அநீதி.

கந்தர்வக்கோட்டை ஜமாஅத்தார்களே! இத்தகைய பிள்ளை உள்ள வீட்டை ஒதுக்காதீர்கள். அத்தாய் சற்று உறங்க, ஒரு மணி நேரமேனும் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளையைச் சேர்க்கும் பள்ளியிலும் காப்பகத்திலும், "கட்டுவீர்களா? அறையில் பூட்டுவீர்களா?" என்று கேட்டறியுங்கள். மக்தபில் அமைதியான ஒரு மூலையை ஒதுக்குவது என் பொறுப்பு.

வல்ல அல்லாஹ் நம் பிழைகளை மன்னித்து, பலவீனர்களிடம் மென்மையாக நடக்கும் நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.