மருத்துவ இடம்: தங்கவயல் பிள்ளைகளின் தெரிவு யார் கையில்?



நீட் தேர்வு முடிவு வெளியாகி, கலந்தாய்வின் முதல் சுற்று ஒதுக்கீடும் அறிவிக்கப்பட்ட இரவில், மைசூர் மைன்ஸின் லைன் வீடு ஒன்றை எண்ணிப் பாருங்கள். தாத்தா சுரங்கத்தில் இறங்கியவர். தந்தை விடியுமுன் மாரிகுப்பத்தில் ரயிலேறி, பெங்களூரில் உழைத்து, இரவில் வீடு திரும்புபவர். மகள் தரவரிசைப் பட்டியலில் இடம்பெற்றுவிட்டாள். குடும்பத்தின் முன்னே மூன்று தாள்கள் கிடக்கின்றன. ஒன்று, மாநிலக் கலந்தாய்வில் கிடைத்த தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடம். இரண்டாவது, மத்தியக் கலந்தாய்வு வழியே வந்த நிகர்நிலைப் பல்கலைக்கழக இடம். மூன்றாவது, வெளிநாட்டில் மருத்துவராக்கித் தருவதாக முகவர் ஒருவர் கொடுத்துச் சென்ற வண்ணத்தாள். ஓரிரு நாட்களுக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

இதைத் "தெரிவு" என்று அழைக்கிறது ஆளும் வர்க்கம். கர்நாடகத் தேர்வாணையத்தின் கலந்தாய்வில் அதற்குப் பெயரே "சாய்ஸ்" என்பதுதான். கிடைத்த இடத்தை ஏற்பது முதலாவது சாய்ஸ். ஏற்றுக்கொண்டே மேலான இடத்துக்கு அடுத்த சுற்றில் காத்திருப்பது இரண்டாவது. இடத்தை மறுத்து அடுத்த சுற்றுக்குச் செல்வது மூன்றாவது. முற்றிலும் விலகுவது நான்காவது. இரண்டாவதைத் தெரிவு செய்தவருக்கு மேலான இடம் கிடைத்துவிட்டால் பழைய இடம் தானாகவே ரத்தாகும். இந்த விதிகளை அறியாமல் ஒரு பொத்தானைத் தவறாக அழுத்தினால், ஒரு பிள்ளையின் ஓராண்டு உழைப்பு வீணாகிவிடும். பணம் படைத்தோர் இதற்கென ஆலோசகரை அமர்த்திக்கொள்கின்றனர். லைன் வீட்டுப் பிள்ளைக்கு யார் இருக்கிறார்கள்?

கட்டணத்தைப் பார்ப்போருக்கு இந்தத் தெரிவின் வர்க்கத் தன்மை விளங்கும். அரசுக் கல்லூரியில் ஆண்டுக் கட்டணம் ஆயிரங்களில் அடங்கும். தனியார் கல்லூரியின் அரசு ஒதுக்கீட்டு இடத்தில் அது ஒரு இலட்சத்தைத் தாண்டும். அதே கல்லூரியில், அதே வகுப்பறையில், அதே பேராசிரியரிடம் பயில, தனியார் ஒதுக்கீட்டு மாணவர் பத்து இலட்சத்துக்கு மேல் செலுத்துகிறார். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் தொகை இருபது இலட்சத்தையும் எட்டுகிறது. ஆகவே மதிப்பெண் தீர்மானிப்பது பாதியை மட்டுமே. மறுபாதியைத் தந்தையின் ஊதியம் தீர்மானிக்கிறது.

இந்த வணிகம் கர்நாடகத்துக்குப் புதிதன்று. 1989இல் மாநில அரசு வெளியிட்ட அறிவிக்கை, தனியார் மருத்துவக் கல்லூரிகளில் அரசு இடத்துக்கு ஆண்டுக்கு 2,000 ரூபாய், ஏனைய கர்நாடக மாணவருக்கு 25,000 ரூபாய், வெளிமாநில மாணவருக்கு 60,000 ரூபாய் என்று விலை நிர்ணயித்தது. தும்கூரில் உள்ள தனியார் கல்லூரி ஒன்றில் இடம் கேட்ட மோகினி ஜெயின் என்ற மாணவி உச்ச நீதிமன்றத்தை நாடினார். கல்வி அடிப்படை உரிமை, நன்கொடை வசூல் அந்த உரிமையை மறுப்பது என்று 1992இல் தீர்ப்பு வந்தது. மறு ஆண்டே உன்னிகிருஷ்ணன் வழக்கில் அத்தீர்ப்பு சுருக்கப்பட்டது, 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கின் தீர்ப்பு தனியார் நிர்வாகங்களின் கையை மேலும் ஓங்கச் செய்தது. நீதிமன்றத்தில் வென்ற உரிமையும் மக்கள் இயக்கம் காவல் நிற்காவிடில் தேய்ந்து போகும் என்பதற்கு இது சான்று.

தங்கவயல் தமிழ் மாணவருக்கு இன்னொரு தடையும் உண்டு. கர்நாடகத்தில் முதல் பத்து வகுப்புகளைக் கன்னட வழியில் பயின்றோருக்கு 5 விழுக்காடும், ஊரகப் பள்ளிகளில் பயின்றோருக்கு 15 விழுக்காடும் ஒதுக்கீடு உண்டு. இரண்டும் நியாயமானவையே. ஆனால் ராபர்ட்சன்பேட்டையிலோ சாம்பியன் ரீஃப்ஸிலோ தமிழ் வழியில் பயின்ற தொழிலாளி வீட்டுப் பிள்ளை இவ்விரண்டிலும் சேருவதில்லை. தமிழ்நாடு 2020இல் கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள்ஒதுக்கீடோ, அம்மாநில அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பயின்றோருக்கு உரியது. நான்கு தலைமுறைகளுக்கு முன் வடஆர்க்காட்டிலிருந்து வந்து தங்கம் தோண்டியவர்களின் வாரிசுகள் இரண்டு மாநிலங்களின் சலுகைகளுக்கும் வெளியே நிற்கின்றனர்.

மூன்றாவது தாளுக்கு வருவோம். வெளிநாட்டில் பயில்வது குற்றமன்று. ஆனால் முகவர் சொல்லாததைத் தோழர்கள் சொல்ல வேண்டும். 2021 நவம்பரில் தேசிய மருத்துவ ஆணையம் வகுத்த விதிகளின்படி, படிப்பு குறைந்தது 54 மாதங்கள் ஆங்கில வழியில் நடைபெற வேண்டும். அதன்பின் 12 மாதப் பயிற்சி வேண்டும். இந்தியாவிலும் தகுதித் தேர்வில் தேறி, பயிற்சி முடிக்க வேண்டும். 2022 மார்ச் 1 அன்று உக்ரைனின் கார்கிவ் நகரில் குண்டுக்கு இரையானவர் கர்நாடகத்தின் ஹாவேரி மாவட்டத்து மருத்துவ மாணவர். நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளைகளை அத்தனை தொலைவு துரத்துவது இங்குள்ள கட்டணமே.

அப்படியானால் அந்தக் குடும்பம் எதைக் கொள்ள வேண்டும்? முதலாண்டுக் கட்டணத்தை மட்டும் பாராமல், நான்கரை ஆண்டுக்கான மொத்தச் செலவையும் விடுதி, உணவு, நூல்களையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். கட்டடத்தின் பளபளப்பை விட்டு, மருத்துவமனையின் புறநோயாளிக் கூடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். நோயாளிகள் நிரம்பிய பொது மருத்துவமனையே மருத்துவரை உருவாக்கும். பட்டியல் சாதி மாணவர், ஆண்டு வருமானம் இரண்டரை இலட்சத்துக்குள் இருப்பின், மெட்ரிக் பிந்தைய உதவித்தொகைக்குரிய சான்றுகளை முன்கூட்டியே பெற வேண்டும். அரசு இடத்துக்கு ஓராண்டுக் கட்டாயப் பணி உண்டென்று அஞ்சுவோர் உளர். மக்கள் பணத்தில் பயின்றவர் மக்களிடம் ஓராண்டு இருப்பது சுமையன்று. தொலைவில் கிடைத்தாலும் அரசுக் கல்லூரியே முதல் தெரிவு. கடன் வாங்கி நிலத்தையும் நகையையும் இழந்து வாங்கும் இடம் கடைசித் தெரிவாகக்கூட இருக்கலாகாது.

ஆனால் அறிவுரையோடு நின்றுவிடுவது கட்சியின் வேலையன்று. கோலார் மாவட்டத்தில் அரசு மருத்துவக் கல்லூரி இல்லை. கோலார் நகரையடுத்த தமகாவில் இருப்பது நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் கல்லூரி. அதே வேளையில், ஆங்கிலேயர் காலத்தில் சுரங்கத் தொழிலாளருக்காக எழுந்த பெரும் மருத்துவமனை தங்கவயலிலேயே நிற்கிறது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டபின் அது பாழடைந்தது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையில் தன்னார்வலர்கள் திரண்டு, தூசியும் துருவும் அகற்றி, அங்கு மீண்டும் படுக்கைகளை இட்டனர். மக்கள் மனம் வைத்தால் அக்கட்டடம் உயிர்பெறும் என்பது மெய்ப்பிக்கப்பட்டுவிட்டது. அங்கு அரசு மருத்துவக் கல்லூரி ஏன் எழக்கூடாது?

அதற்கு வரலாற்று நியாயமும் உண்டு. இந்தியாவில் எந்த மருத்துவ மாணவரும் சமூக மருத்துவப் பாடத்தில் சிலிக்கோசிஸ் நோயைப் படிக்கிறார். இந்நாட்டில் அந்நோய் முதன்முதலில் பதிவானது 1947இல், கோலார் தங்கச் சுரங்கத்தில் என்று அவருடைய பாடநூல் கூறுகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிக் கல்தூசியை நெஞ்சில் ஏற்றிய தொழிலாளியின் நுரையீரல் நாட்டுக்கே பாடமாயிற்று. அந்தப் பாடத்தைப் படிக்கும் இடம் அவருடைய பேத்திக்கு மட்டும் எட்டாக் கனியாக இருப்பது என்ன நீதி?

எனவே மூன்று கோரிக்கைகள் தெருவுக்கு வர வேண்டும்: தங்கவயலில் அரசு மருத்துவக் கல்லூரி, தனியார் கூட்டின்றி, சிறுபான்மை மொழி வழி அரசுப் பள்ளி மாணவருக்கும் ஒதுக்கீடு, தனியார், நிகர்நிலைக் கல்லூரிகள் அனைத்திலும் கட்டண உச்சவரம்பு. அதுவரை, முடிவுகள் வெளியாகும் நாளில் ஒவ்வொரு கிளையிலும் ஓர் உதவி மேசை இயங்க வேண்டும். சான்றிதழ், விதி, கடைசித் தேதி ஆகியவற்றைச் சொல்ல விவரம் தெரிந்த ஒரு தோழர் அங்கு அமர வேண்டும்.

1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்து 21 நாட்கள் வேலைநிறுத்தம் செய்த மண் இது. தம் விரலைப் பிடித்து ரேகை எடுக்க எவருக்கும் உரிமையில்லை என்றனர் அந்தத் தொழிலாளர். அவர்களின் பேத்தி எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதை அவளுடைய அறிவு தீர்மானிக்கட்டும். தந்தையின் சட்டைப்பை தீர்மானிக்கலாகாது. அந்த நாளை வென்றெடுப்பது இயக்கத்தின் கடமை.