பதில் வருகிற மடல்தான் நிலைக்கும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் 'மின்னஞ்சல் மடலுக்கு வாசகர்களைச் சேர்ப்பதும் தக்கவைப்பதும்' என்ற தலைப்பில் செரண்டா அன்பர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன் பேசிய நண்பர், ஆயிரம் பேருடைய மின்னஞ்சல் முகவரிகளை எப்படித் திரட்டுவது என்று அழகாக எடுத்துச் சொன்னார். நான் அதற்கு அடுத்த கேள்வியைக் கேட்க வந்திருக்கிறேன். அந்த ஆயிரம் பேரில், "இந்த மாதம் மடலைக் காணோமே" என்று நம்மைக் கேட்பவர்கள் எத்தனை பேர்?

நான் செரண்டாக்காரன். ரவாங்கிற்கும் பத்தாங்காலிக்கும் இடையே, பழைய சாலையும் ரயில் பாதையும் தொட்டுக்கொண்டு போகிற ஊர். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டங்கள். பிறகு சில செம்பனையாயின, சில தாமான்களாயின, சில தொழிற்பேட்டைகளாயின. பக்கத்து சுங்கை சோவில் பெரோடுவா கார் தொழிற்சாலை வந்தது. லயத்து வீடுகளில் சுவரோடு சுவராக இருந்த குடும்பங்கள் ஷா ஆலம், கிள்ளான், ஜொகூர், சிங்கப்பூர் என்று திசைக்கு ஒன்றாகப் போய்விட்டன. கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்து மக்களைக் கேட்டாலும் இதே கதையைத்தான் சொல்வார்கள்.

இப்படிப் பிரிந்து போனவர்களுக்காக நாங்கள் சிலர் சேர்ந்து மாதம் ஒரு மின்னஞ்சல் மடல் அனுப்புகிறோம். கோயில் திருவிழா, தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளைப் பதியும் நாள், திருமணம், துக்கம், இவைதான் செய்திகள்.

முதல் மடலிலேயே நான் பெரிய தப்பு செய்தேன். ஒரு திருமண அழைப்புக்காகத் திரட்டிய முகவரிப் பட்டியல் கைக்குக் கிடைத்தது. யாரையும் கேட்கவில்லை. எல்லா முகவரிகளையும் ஒரே பெட்டியில் போட்டு அனுப்பிவிட்டேன். ஒருவர் முகவரி மற்ற எல்லாருக்கும் தெரியும்படி போய்விட்டது. அதை யாரோ எடுத்துக்கொண்டு காப்புறுதி விற்க ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் தொலைபேசியில் அழைத்தார். திட்டவில்லை. "தம்பி, நான் உங்கிட்ட கேட்டேனா?" என்று ஒரே கேள்விதான் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

அன்பர்களே, கேட்காமல் அனுப்புகிற பழக்கம் இன்று நேற்று வந்ததில்லை. 1978-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒரு கணினி நிறுவனத்தின் விற்பனையாளர், அன்றைய ஆர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் ஒன்றை அனுப்பினார். முதல் குப்பை அஞ்சல் என்று இன்றும் அதைத்தான் சொல்கிறார்கள். நம் நாட்டிலும் 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 நவம்பரில் நடப்புக்கு வந்தது. நேரடி விளம்பரத்திற்கு என் விவரங்களைப் பயன்படுத்தாதே என்று வணிகர்களிடம் சொல்லும் உரிமையை அது நமக்குத் தருகிறது. கோயிலுக்கும் பழைய மாணவர் சங்கத்திற்கும் அந்தச் சட்டம் பொருந்துமோ பொருந்தாதோ, மரியாதை எல்லாருக்கும் பொருந்தும்.

நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டு, ஒவ்வொருவரையும் தனித்தனியாகக் கேட்டு மறுபடியும் தொடங்கினோம். பட்டியல் சுருங்கியது. ஆனால் பதில்கள் வர ஆரம்பித்தன.

இந்தப் பாடத்தை நம் பத்திரிகைகள் எப்போதோ சொல்லிக் கொடுத்திருக்கின்றன. 1924-இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய தமிழ் நேசன், 1950-இல் 'கதை வகுப்பு' நடத்தியது. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் கதை எழுதும் பாடம் நடத்தினார்கள். வாசகர்கள் எழுதி அனுப்பியதை மதிப்பிட்டார்கள். சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி 1935-இல் தொடங்கிய தமிழ் முரசு, 1950-களில் 'மாணவர் மணிமன்றம்' நடத்தியது. அன்று எழுதிப் பழகிய பிள்ளைகளில் பலர் பிற்காலத்தில் இந்த மண்ணின் எழுத்தாளர்களானார்கள்.

தன் பிள்ளையின் பெயர் அச்சில் வந்த பத்திரிகையை எந்தத் தாய் தூக்கிப் போடுவாள்? லயம் முழுக்கக் காட்டிவிட்டுத்தானே பெட்டியில் வைப்பாள்! வாசகரை எழுத வைத்தார்கள், எழுதியவருக்குப் பதில் சொன்னார்கள். அதனால் ஒட்டிக்கொண்டார்கள்.

94 ஆண்டுகள் நடந்த தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. அந்தப் பேர் பெற்ற பத்திரிகைக்கே அந்த நிலை என்றால், நம் சின்ன மடலை எதை நம்பி நடத்துவது? கடையில் காசு கொடுத்துப் பத்திரிகை வாங்குபவர் யார் என்று ஆசிரியருக்குத் தெரியாது. நம் மடலை வாங்குகிறவர் யார் என்று நமக்குத் தெரியும். அந்த ஒன்றுதான் நம் பலம்.

"வாட்ஸ்அப் இருக்கும்போது இது எதற்கு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. குழுவில் காலை வணக்கப் பூக்களுக்கு நடுவே பள்ளிப் பதிவு அறிவிப்பு மூழ்கிவிடுகிறது. ஃபேஸ்புக்கில் போட்டால் யாருக்குக் காட்டுவது என்பதை அந்த நிறுவனம் முடிவு செய்கிறது. மின்னஞ்சல் முகவரி நம் கையில் இருக்கும். அனுப்பும் சேவையை மாற்றினாலும் பட்டியலை எடுத்துக்கொண்டு போகலாம். மூன்று ஆண்டு கழித்துத் தேடினாலும் மடல் கிடைக்கும்.

சரி, நடைமுறைக்கு வருவோம். நாங்கள் அடிபட்டுக் கற்றதைச் சொல்கிறேன்.

முதலாவது, கேட்டுச் சேருங்கள். திருவிழாவில் ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்து, "மாதம் ஒரு மடல் வரும், இன்னின்ன செய்தி இருக்கும்" என்று சொல்லி அவர்கள் கையாலேயே எழுத வையுங்கள். ஒவ்வொரு மடலின் கீழும் "வேண்டியவர்களுக்கு அனுப்பி வையுங்கள்" என்று ஒரு வரி போடுங்கள். எங்களுக்குப் புதிய வாசகர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வந்தார்கள்.

இரண்டாவது, சொன்ன நாளில் அனுப்புங்கள். முதல் ஞாயிறு என்றால் முதல் ஞாயிறுதான். மூன்று மாதம் சும்மா இருந்துவிட்டு நன்கொடை கேட்க மட்டும் மடல் போட்டால், கடன் கேட்க மட்டும் வீட்டுக்கு வரும் உறவினர் மாதிரி ஆகிவிடும்.

மூன்றாவது, படித்துக் காட்டுவதற்கு ஏற்றபடி எழுதுங்கள். அன்று தோட்டத்தில் ஒருவர் பத்திரிகை படிக்கப் பத்துப் பேர் கேட்பார்கள். இன்று பேத்தி கைத்தொலைபேசியில் படிக்கப் பாட்டி கேட்கிறார். முன்பெல்லாம் எழுத்துரு இல்லையென்றால் தமிழ் மடல் கட்டம் கட்டமாக வந்து நிற்கும். நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் போன்ற மென்பொருள்களும் யூனிகோடும் அந்தத் தொல்லையைத் தீர்த்துவிட்டன. ஆகவே தமிழில் எழுதத் தயங்க வேண்டாம்.

நான்காவது, போக நினைப்பவருக்கு வழி விடுங்கள். கூகளும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் விதிகளைக் கடுமையாக்கிவிட்டன. அனுப்புகிறவர் தம் முகவரி உண்மையானது என்று தொழில்நுட்ப முறைப்படி நிரூபிக்க வேண்டும். விளம்பர, செய்தி மடல்களைப் பெரிய அளவில் அனுப்புகிறவர்கள் ஒரே சொடுக்கில் விலகும் வசதி தர வேண்டும். குப்பை என்று புகார் செய்பவர்கள் 0.3 விழுக்காட்டைத் தொடக்கூடாது, அதாவது ஆயிரத்துக்கு மூன்று பேர்! விலக வழி தெரியாதவர் நம்மைக் குப்பையில் போடுவார். அது மற்றவர்களுக்குப் போகும் மடலையும் பாதிக்கும்.

ஐந்தாவது, திறந்தவர் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 2021 முதல் ஆப்பிள் கருவிகள், வாசகர் திறக்காத மடலையும் திறந்ததுபோல் காட்டக்கூடும். பதில் எழுதியவர்களை எண்ணுங்கள். மடல்தோறும் ஒரு கேள்வி கேளுங்கள். "இந்தப் படத்தில் ஆயாக்கொட்டகை வாசலில் நிற்பது யார்?" என்று ஒரு பழைய படத்தைப் போட்டுப் பாருங்கள். தூங்கிக் கிடந்தவர்கள் எல்லாம் எழுந்து வருவார்கள்!

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். சென்று சேராமல் திரும்பி வரும் மடல்களை நான் முன்பெல்லாம் பார்ப்பதே இல்லை. எங்கள் தோட்டத்துப் பழைய கிராணி ஐயா காலமானபோது செய்தி அனுப்பினோம். ஜொகூரில் இருந்த அவருடைய உயிர் நண்பரின் முகவரி மாறிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. மடல்கள் திரும்பித் திரும்பி வந்திருக்கின்றன. நான் கவனிக்கவில்லை. அவருக்குச் செய்தி தெரிந்தபோது பதினாறாம் நாள் கருமக்கிரியையும் முடிந்துவிட்டது. "கடைசியா ஒரு தடவ முகத்தைப் பாத்திருப்பேனே, தம்பி" என்றார்.

அன்றிலிருந்து ஒரு மடல் திரும்பி வந்தால், அன்றைக்கே தொலைபேசியை எடுத்து அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கிறேன். நீங்களும் அப்படிச் செய்யுங்கள். ஆளைத் தவறவிடாமல் இருந்தால் வாசகர் எண்ணிக்கை தானாக வளரும்.