கடல் கடந்த கல்வியும் தாய்மொழிக் கடனும்

(ஆதம்பாக்கத்தில் நிகழ்த்தப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



ஆதம்பாக்கத்தார்க்கு வானூர்தி புதுமையன்று. மீனம்பாக்கத்தினின்று எழும் ஊர்திகளின் ஒலி இவ்வூர் மாடிகளுக்குப் பழகிய ஒலி. முன்பெல்லாம் அவ்வொலி கேட்டுக் குழந்தைகளே அண்ணாந்து பார்த்தனர். இன்று பெற்றோரும் பார்க்கின்றனர். அவ்வூர்தியில் செல்வது தம் மகனாகவோ மகளாகவோ இருக்கலாம். செருமனிக்கும் கனடாவிற்கும் ஆத்திரேலியாவிற்கும் மேற்படிப்பிற்காகச் செல்லும் பிள்ளைகள் இல்லாத தெரு இன்று சென்னையில் அரிது.

இதைக் கண்டு தமிழன்பர் சிலர் மனம் நோகின்றனர். அயல்நாட்டுக் கல்வி பிள்ளைகளை அயலாராக்கிவிடும் என்பது அவர்தம் அச்சம். அச்சம் பொய்யன்று, ஆனால் அது தொடங்கும் இடம் வேறு. பிள்ளை அயன்மொழிக்கு ஆட்படுவது வானூர்தியில் ஏறிய பின்னரன்று. மூன்றாம் அகவையில் ஆங்கில மழலையர் பள்ளியின் படியேறிய அன்றே. அங்கே வாளா இருந்துவிட்டு, வானூர்தி நிலையத்தில் கண்ணீர் விடுவதால் பயன் என்ன?

கல்விக்காகப் பிரிதல் தமிழர்க்குப் புதியதுமன்று. பிரிவுக்குரிய கரணியங்களைக் கூறுமிடத்துத் தொல்காப்பியர் ஓதலையே முதலில் வைத்தார். அப்பிரிவு மூன்றாண்டினைக் கடவாது என எல்லையும் வகுத்தார். கடற்செலவு மகளிரொடு இல்லை என்பது அவர் கால வழக்கு. இன்று மகளிரே தனித்துச் சென்று பட்டம் பெறுகின்றனர். வழக்கு மாறிற்று; மாறியது நன்றே. ஆனால் எல்லை வகுத்ததன் உட்பொருள் மாறவில்லை. சென்றவர் மீளவேண்டும், மீளும்போது கற்றது உடன்வரவேண்டும்.

இவ்வாறு மீண்டவர் ஒருவரின் வாழ்வை இளைஞர்கள் அறிதல் வேண்டும். ஈழத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பொன்னில் 1913-இல் பிறந்தவர் தனிநாயக அடிகளார். 1934-இல் உரோமை நகருக்குச் சென்று, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் சமயக் கல்வி பயின்றார். இலத்தீனும் இத்தாலியமும் அவர் நாவில் பழகின. அந்நகரிலும் தமிழ் மாணவர்களைக் கூட்டி வீரமாமுனிவர் பெயரால் ஒரு கழகம் கண்டார். ஆயினும், ஐரோப்பிய மொழிகள் பல அறிந்த தமக்குத் தமிழ் இலக்கியம் ஆழமாகத் தெரியவில்லையே என்னும் குறை அவரை வருத்திற்று.

அக்குறையை அவர் மறைக்கவில்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளிப்பணி ஆற்றியபோது, தமிழாசிரியர் ஒருவரிடம் மாணவராய் அமர்ந்து தமிழ் கற்றார். உரோமையில் பட்டம் பெற்றவர், 32-ஆம் அகவையில், 1945-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் மாணவராய்ச் சேர்ந்தார். பின்னர் இலண்டன் சென்று, பழந்தமிழ் இலக்கியத்தில் காணும் கல்விச் சிந்தனைகளை ஆய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அயல்நாட்டிற்குப் போனதும் கற்பதற்கு. ஆய்ந்த பொருளோ தமிழ்!

அவர் கற்ற அயன்மொழிகள் தமிழுக்கே தொண்டு செய்தன. 1679-இல் அச்சான புரோயன்சா அடிகளின் தமிழ்–போர்த்துக்கேய அகரமுதலி வத்திக்கான் நூலகத்தில் மறைந்து கிடந்தது. அதனை உலகறியச் செய்தவர் தனிநாயக அடிகளார். 1964-இல் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றுவதற்கு முன்னின்றவரும் அவரே. முதல் உலகத் தமிழ் மாநாடு 1966-இல் கோலாலம்பூரில் கூடியபோது, அவர் அங்கே மலாயாப் பல்கலைக்கழகப் பேராசிரியர். அவர் கரம்பொன்னை விட்டுச் செல்லாதிருந்தால் தமிழுக்கு இழப்பு. சென்றவர் தமிழை மறந்திருந்தால் பேரிழப்பு.

இளைஞர்களே, இன்னொன்றையும் எண்ணுங்கள். செருமனியில் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்கள் கல்விக் கட்டணம் பெறுவதில்லை. அந்நாடு செல்ல விழையும் நம் பிள்ளைகள் மாலை வகுப்புகளில் செருமன் மொழியின் எழுத்தும் இலக்கணமும் பயில்கின்றனர். பயிலட்டும், பாராட்டத்தக்கதே. ஆனால் செருமானியர் பொறியியலையும் மருத்துவத்தையும் தம் மொழியில் கற்கின்றனர், சப்பானியரும் அவ்வாறே. சில திங்களில் செருமன் கற்க வல்ல பிள்ளை, தமிழ்க் கலைச்சொல்லைக் கண்டால் மட்டும் கடினம் என்கிறான். கடினம் சொல்லிலா, மனத்திலா?

பெற்றோர்களும் கேளுங்கள். ஏழரை இலக்க உருபாவிற்கு மேற்பட்ட கல்விக் கடனுக்கு வைப்பகங்கள் பெரும்பாலும் வீட்டையோ நிலத்தையோ ஈடாகக் கேட்கின்றன. படிப்பு முடிந்து ஓராண்டளவில் தவணை தொடங்கிவிடும். வேலை கிடைத்ததா எனக் கடன் காத்திராது. வாழ்நாள் உழைப்பால் கட்டிய வீட்டை, முகவர் ஒருவரின் இனிய பேச்சை மட்டும் நம்பி அடகு வைக்காதீர்கள். பல்கலைக்கழகத்தின் தகுதியையும் பட்டத்தின் பயனையும் உதவித்தொகையையும் நேரே எழுதிக் கேட்டறியுங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை போனான் என்பது தன் பிள்ளையை அனுப்பப் போதிய கரணியமாகாது.

அனுப்புவதென்று துணிந்தால் மனங்கலங்காமல் அனுப்புங்கள். கிழமைதோறும் பேசும்போது தமிழில் பேசுங்கள். தமிழில் எழுதச் சொல்லுங்கள். பிள்ளைகளே, அங்குக் கற்கும் துறையில் நாளுக்கொரு செய்தியைத் தமிழில் எழுதிப் பழகுங்கள். சொல் கிடைக்காத இடத்தில் ஆக்குங்கள். ஆக்கியது பிழையாயின் பின்வருவோர் திருத்துவர். ஆக்காதிருந்தால் திருத்துவதற்கும் ஒன்றிராது.

வீட்டின்மேல் வாங்கிய கடனை வைப்பகம் மறவாமல் கேட்கும். தாய்மொழிக்குப் பட்ட கடனைக் கேட்பார் எவருமிலர். ஆதலால் அதனைத் தாமே உணர்ந்து அடைப்பவரே கற்றவர்.

வாழ்க தமிழ்! வளர்க தமிழர் கல்வி!